மூடிய அறைக்குள் ஒரு மூட்டு

சமய வகுப்பில் கீதை பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "பலனை எதிர்பார்க்கக்கூடாதுன்னா, எதுக்கு அவ்வளவு சுத்தமா வேலை செய்யணும்? ஏதோ செஞ்சா போதாதா?" தம்பி தங்கைகள் இதை விளையாட்டுக்குக் கேட்பதில்லை. சொந்தமாகப் படகு கட்டுகிறவர்களின் வேலையைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு இதற்குப் பதில் கிடைத்தது.

1963-இல் இங்கிலாந்தில் 'மிரர்' என்ற சிறிய பாய்மரப் படகு அறிமுகமானது. ஜாக் ஹோல்ட், பேரி பக்னல் இருவரும் வடிவமைத்தார்கள். டெய்லி மிரர் நாளிதழ் அதை மக்களிடம் கொண்டு போனது. தச்சு வேலை தெரியாதவரும் வீட்டிலேயே கட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின் மேல் கண்ணாடி இழை நாடாவைப் பிசின் பூசி ஒட்டுவார்கள். நீளம் சுமார் 3.3 மீட்டர். இன்றுவரை 70,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள்.

இப்படிக் கட்ட என்ன தெரிய வேண்டும்? சரியாக அளக்க, நேராக அறுக்க, இழைப்புளியைக் கூராக வைத்திருக்க, பிசின் கலக்க. பழகினால் எல்லாம் வரும். கஷ்டம் அவசரத்தில்தான். இன்று பலர் எப்பாக்சி பிசின் பயன்படுத்துகிறார்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று அதில் ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றினால் வேலை சீக்கிரம் முடியாது, மூட்டுதான் பலவீனமாகும். படகைத் தண்ணீரில் இறக்கும் நாளையே நினைத்துக்கொண்டிருப்பவரின் கை, இன்றைய அளவைத் தவறவிடும். பலன் மேல் உள்ள பற்று வேலையைக் கெடுப்பது இப்படித்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. மிரர் படகில் காற்று அடைத்த அறைகள் இருக்கின்றன. படகு கவிழ்ந்தாலும் அதை மிதக்க வைப்பது அவைதான். உள்ளே ஒரு மூட்டு சரியாக ஒட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். கட்டியவருக்கு மட்டும் தெரியும். மேலே பலகை போட்டு மூடிப் பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. காற்று அமைதியான நாளில் படகும் நன்றாகவே ஓடும். கவிழும் நாளில் அதில் இருப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? "நான் பலனை எதிர்பாராமல் கட்டினேன்" என்று அந்தத் தாயிடம் சொல்ல முடியுமா?

இரண்டு விஷயங்களை நாம் குழப்பிக்கொள்கிறோம். பலன் எனக்கு வேண்டும் என்பது உரிமை கோருவது. என் வேலையால் மற்றவருக்கு என்ன ஆகும் என்று பார்ப்பது பொறுப்பு. கீதை விடச் சொல்வது உரிமையை, பொறுப்பை அல்ல. அதே இரண்டாம் அத்தியாயம் செயலில் உள்ள திறமையையும் யோகமாகச் சொல்கிறது, மனச் சமநிலையையும் யோகமாகச் சொல்கிறது. படகுப் பட்டறையில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒட்டிய மூட்டைப் பிரித்து மறுபடி ஒட்டினால் இரண்டு வாரம் தள்ளிப்போகும், நண்பர்கள் கேலி செய்வார்கள். அதைத் தாங்குகிற மனம் இருந்தால்தான் கை சரியான வேலையைச் செய்யும்.

அப்படியென்றால் தெரியாதவர் தொடங்கவே கூடாதா? தாராளமாகத் தொடங்கலாம். முதலில் இரண்டு துண்டுப் பலகைகளை ஒட்டி, நன்றாக இறுகியபின் உடைத்துப் பார்க்க வேண்டும். மரம் கிழிந்தால் ஒட்டு நல்லது. ஒட்டிய இடமே சுத்தமாகப் பிரிந்து வந்தால் எங்கோ பிழை. சோதித்துப் பார்ப்பதும் தெரிந்தவரிடம் கேட்பதும் முதல் முறை செய்பவரின் கடமை.

நம் இயக்கத்தின் வேலைகளிலும் இப்படிப்பட்ட மூட்டுகள் இருக்கின்றன. திருவிழா மேடைக்கு அடியில் போடும் கட்டு, பந்தலுக்கு இழுக்கும் மின்கம்பி, அன்னதானத்துக்குக் கழுவும் அண்டா. அடுத்த முறை "யார் பார்க்கப் போறா?" என்று தோன்றினால், அந்த இடத்தை இன்னொரு தடவை திறந்து பாருங்கள்.