தாங்கும் கரம்

விண்வெளி நமக்கு அந்நியமன்று. 2023-இல் நிலவில் தரையிறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். 2024 டிசம்பர் 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இறுதிக் கட்டத்தில், இடம்பெயர்ந்து நடக்கவல்ல இயந்திரக் கை ஒன்றையும் நம் நாட்டவர் அனுப்பிச் சோதித்தனர்.

அத்தகைய கையொன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2001 முதல் உழைத்து வருகிறது. கனடா வழங்கிய அது 17 மீட்டருக்கும் மேல் நீளமுடையது. 7 மூட்டுகள் கொண்டது. இரு முனைகளாலும் பற்றவல்லதாதலின், முனை மாற்றி ஊன்றி நகரும். சரக்குக் கலங்களைப் பிடித்து இணைக்கும். வெளியே பணிபுரிவோரைச் சுமந்து செல்லும்.

2007 நவம்பர் 3 அன்று நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். நிலையத்தின் சூரியத் தகடு கிழிந்திருந்தது. இயந்திரக் கையில் நீண்ட தண்டொன்றைச் சேர்த்து, அதன் நுனியில் ஸ்காட் பராசின்ஸ்கி என்ற வீரரைக் கிழிசலருகே கொண்டு சென்றனர். மருத்துவரான அவர் தம் கைகளாலேயே அதைப் பிணைத்தார். இயந்திரம் மனிதனை விலக்கவில்லை. எட்டாத இடத்திற்கு ஏந்திச் சென்றது.

உழைப்பு மனிதனுக்காக, மனிதன் உழைப்புக்காக அல்ல என்பது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலின் சாரம். ஆகவே, இயந்திரம் நல்லதா தீயதா என்பதைவிட, அது யாரைத் தாங்குகிறது என்பதே அறவினா.

விழுப்புரம், திண்டிவனம் வட்டார வயல்களுக்கு அறுவடை இயந்திரம் வந்தது. அரிவாள் பிடித்த பெண்களின் கூலி நாள்கள் குறைந்தன. மழைக்கு முன் கதிரைக் காக்க விழையும் உழவரைக் குறைகூறலாகாது. ஆனால், பாதாளச் சாக்கடையைத் தூய்மை செய்யும் இயந்திரம் 2018-இலேயே திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்துவிட்டது. பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டமும் தடுக்கிறது. எனினும், நச்சுக்காற்றில் மாண்டவர் பற்றிய செய்திகள் நாட்டில் ஓய்ந்தபாடில்லை. கூலியை மிச்சப்படுத்த விரைந்து வரும் இயந்திரம், உயிரை மிச்சப்படுத்த மட்டும் ஏன் தயங்கித் தயங்கி வருகிறது? விண்ணில் பணிபுரிபவரின் உயிரை விலைமதிப்பற்றதெனக் கருதுகிறோம். குழிக்குள் இறங்குபவரின் உயிரை அவ்வாறு கருதவில்லை. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இக்குற்றத்தை அரசின் தலையில் மட்டும் சுமத்திவிட முடியாது. நம் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிறைகிறது. வண்டி வரவழைத்தால் செலவு கூடுதல். ஆள் இறங்கினால் குறைவு. அந்த நேரத்தில் நாம் எதைத் தேர்ந்துகொள்கிறோம்?