இரண்டு நாள், ஒரு மலை

வேங்கிக்கால். விடியும் நேரம்.

மொட்டை மாடி. தென்மேற்கே மலை. உச்சியில் மேகம் படிந்திருக்கிறது.

மேகம் விலகும் வரை நிற்கலாம் என்று தோன்றுகிறது. பிறகு அந்த எண்ணமும் விலகுகிறது.

*

மூச்சு வருகிறது. போகிறது.

வேலூர் சாலையில் ஒரு பேருந்து. அதன் ஹாரன் கொஞ்ச நேரம் காதுக்குள்ளேயே இருக்கிறது.

*

கொலோனில் வேலை பார்க்கிறான் உறவுக்காரத் தம்பி ஒருவன். வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறுகிறான், ஞாயிறு இரவு திரும்புகிறான். ஒவ்வொரு தடவையும் ஜெர்மனியில் ஒரு நகரம். என்னென்ன பார்ப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறான்.

அவனுடைய அலுவலகத்திலிருந்து இருவர் இங்கே, திருவண்ணாமலைக்கு, வரப்போகிறார்கள். கையில் இரண்டு நாள். என்ன பார்க்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறான்.

பதில் இன்னும் எழுதவில்லை.

*

ஊரே இப்படி வந்து போகிறவர்களால் நிறைந்ததுதான். சென்னை, பெங்களூரு, ஆந்திரா. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் செங்கம் சாலைப் பக்கம் வெளிநாட்டு முகங்கள். சிலர் இரண்டு நாள் இருக்கிறார்கள். சிலர் இருபது வருஷம்.

யார் எந்த வகை என்று முகத்தைப் பார்த்தால் தெரிவதில்லை.

*

அந்தக் காலத்துப் பயணி ஒருவர் நினைவில் வருகிறார்.

வயது பதினாறு. மதுரை. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொள்கிறார். பழைய தேசப்படத்தில் பார்த்தால் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம். இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்கு டிக்கெட். விழுப்புரத்தில் மாற வேண்டும் என்பது வண்டியில்தான் தெரியவருகிறது. மிச்சக் காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயில். அங்கிருந்து நடை. அறையணிநல்லூர்க் கோயில் மண்டபம். கீழூர். காதில் கிடந்த கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைக்கிறார். அடகு பிடித்தவர் விலாசம் எழுதித் தந்த சீட்டைக் கிழித்துப் போடுகிறார்.

1896 செப்டம்பர் 1. காலை. திருவண்ணாமலை ஸ்டேஷன்.

*

திரும்பிப் போக டிக்கெட் எடுக்கவில்லை அவர். 1950 ஏப்ரல் 14 வரை இந்த மலையடிதான்.

ரமணர் என்ற பெயர் பின்னால் வந்தது. ஸ்டேஷனில் இறங்கியது வேங்கடராமன்.

*

வெயில் ஏறுகிறது. மேகம் எப்போது போனது என்று கவனிக்கவில்லை. உச்சி தெரிகிறது. 2,668 அடி.

எண்ணைச் சொன்னதும் மலை கொஞ்சம் சின்னதாகிறது. எண்ணை விட்டுவிடுகிறேன்.

*

தம்பியின் நகரங்களில் ஒன்று ஹைடல்பர்க். பாதி இடிந்த கோட்டை. நெக்கார் ஆற்றின் மேல் பழைய பாலம். எதிர்க்கரைக் குன்றின் சரிவில் ஒரு பாதை. தத்துவவாதிகளின் நடை என்று அதற்குப் பெயர். எல்லாவற்றையும் இரண்டு நாளில் பார்த்துவிடலாம், நிதானமாகவே.

அந்த ஊரில் ஹைன்ரிக் ஸிம்மர் என்ற பேராசிரியர் இருந்தார். இந்திய தத்துவமும் சிற்பமும் அவருடைய பாடம். மனைவி யூத வழியில் வந்தவர் என்பதால் 1938இல் நாஜி அரசு வேலையைப் பறித்தது. இங்கிலாந்து போனார். பிறகு அமெரிக்கா. 1943இல் அங்கேயே இறந்தார்.

அவர் ரமணரைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகம் அடுத்த வருஷம், 1944இல், ஜூரிக்கில் வெளிவந்தது. பெயர் ‘டேர் வேக் த்சும் செல்ப்ஸ்ட்’.

திருவண்ணாமலையை அவர் பார்த்ததில்லை. இந்தியாவையே பார்த்ததில்லை.

*

முன்னுரை எழுதியவர் உளவியலாளர் கார்ல் யுங். அவர் இந்தியா வந்தார், 1937 கடைசியில். திருவனந்தபுரத்தில் ரமணரின் அடியவர் ஒருவரைச் சந்தித்தார். அடக்கமான எளிய மனிதர் அவர்.

ரமணர் அப்போது இங்கே, ரமணாசிரமத்தின் பழைய ஹாலில், சோபாவில் இருக்கிறார். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம்.

யுங் வரவில்லை. ஊர் திரும்பியதும் ஸிம்மர் முதலில் கேட்டது ரமணரைப் பற்றித்தான். அதையும் யுங்கே முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார்.

*

பார்க்காமல் ஒரு புத்தகம். பக்கத்து மாநிலம் வரை வந்தும் பாராமல் ஒரு முன்னுரை.

இதில் குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மனம் தேடுகிறது. தேடட்டும்.

*

பகல். கோயில். ராஜகோபுரத்தின் நிழல் தெருவில் குட்டையாகக் கிடக்கிறது.

217 அடி. பதினொரு நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கியதைத் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் முடித்தார். கொலோன் தேவாலயம் 1248இல் தொடங்கி 1880இல்தான் முடிந்தது. அதன் உயரம் 157 மீட்டர். தெற்குக் கோபுரத்தில் 533 படிகள் ஏறலாம் என்கிறான் தம்பி. இங்கே கோபுரத்தில் யாரும் ஏறுவதில்லை. நுழைகிறோம், அவ்வளவுதான்.

கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து நிற்கிறேன். கிளிகள். புறாக்கள். சுதைக்குள் ஏதோ ஒரு சிறகடிப்பு.

*

வடக்குக் கோபுரம் எனக்கு இன்னும் நெருக்கம். அம்மணி அம்மன் கோபுரம். ராஜா கட்டியதல்ல. முடியாமல் கிடந்ததை ஒரு பெண் வீடு வீடாகப் போய்க் காசு கேட்டு முடித்தார்.

வருகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கே நுழைந்து கிழக்கேயே வெளியேறுகிறார்கள். வடக்குப் பக்கம் கூட்டம் குறைவு. கல் சூடாக இருக்கிறது.

*

ஆயிரங்கால் மண்டபம். படியிறங்கினால் பாதாள லிங்கம்.

அந்தப் பதினாறு வயதுப் பயணி முதலில் உட்கார்ந்த இடங்களில் இது ஒன்று. இருட்டு. பூச்சிகள் தொடையை அரித்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே பையன்கள் கல்லெறிந்தார்கள். துறவி சேஷாத்ரி சுவாமிகள் காவல் நின்றார்.

இப்போது விளக்கு இருக்கிறது. தரை குளிர்ச்சி. உள்ளங்கையை வைக்கிறேன். எடுக்கிறேன்.

*

மதியம். நடை சாத்துகிறார்கள். மூன்றரைக்குத்தான் மறுபடி.

இரண்டு நாள் பயணிகளுக்கு இந்த மூன்று மணி நேரம் பெரிய தொல்லை. வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு குடும்பம் தூண் நிழலில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கிறது. குழந்தை தூங்கிவிட்டது.

என்னைக் கேட்டால் அந்தக் குடும்பம்தான் ஊரைச் சரியாகப் பார்க்கிறது.

*

கிரிவலப் பாதை. வெறுங்கால்.

தார். பாவுகல். கொஞ்ச தூரம் மண். மறுபடி தார். 14 கிலோமீட்டர்.

இந்திரன், அக்னி, எமன், நிருதி. திசைக்கு ஒன்றாக லிங்கங்கள். நந்திகள் சில மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கின்றன. மலையே லிங்கம் என்பதால் அப்படி.

நந்தி பார்க்கும் பக்கம் நானும் பார்க்கிறேன்.

*

பாதை வளைய வளைய மலை மாறுகிறது. ஒரு முகம். சற்றுப் போனால் இரண்டு. குபேர லிங்கத்தின் பக்கம் ஐந்து என்கிறார்கள். எண்ணிப் பார்க்கிறேன். நான்கில் ஒரு லாரி மறைக்கிறது.

*

பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கில் நடக்கிறார்கள். தோளோடு தோள். நாமம் சொல்கிறவர், கைப்பேசியில் பேசுகிறவர், இரண்டையும் செய்கிறவர். பாதையோரம் சுக்குக் காபி. ஆவி கண்ணாடியில் படிகிறது.

மற்ற நாள்களில் அதே பாதை. ஆதி அண்ணாமலைப் பக்கம் ஆடுகள் குறுக்கே போகின்றன. நின்று வழிவிடுகிறேன்.

*

கால் வலி. குதிகாலில் தொடங்கி முழங்காலுக்கு வருகிறது.

வலி என்று பெயர் வைக்காமல் கொஞ்ச தூரம்.

பிறகு வலி.

*

காலை வேளை. ஆசிரமத்தின் பின்வாசல் வழியாக மேலே. கற்பாதை. இருபுறமும் மரங்கள். ஒரு காலத்தில் இது மொட்டைப் பாறை. பல வருஷமாக யார் யாரோ நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டிக் காத்த பச்சை.

ஸ்கந்தாசிரமம். ரமணர் 1916 முதல் 1922 வரை இங்கே. அதற்கு முன் பதினேழு வருஷம் கீழே விரூபாட்சி குகை.

பாறை மேலிருந்து கோயில் முழுதாகத் தெரிகிறது. மதிலுக்குள் மதில். ஒன்பது கோபுரங்கள். ஊரின் சத்தம் மேலே வரும்போது ஒரே ஓசையாகிவிடுகிறது. அதில் எது ஆட்டோ, எது நாதஸ்வரம் என்று பிரிக்க முடியவில்லை.

பிரிக்க வேண்டியதும் இல்லை.

*

பழைய ஹால். கதவருகே செருப்புகள். உள்ளே மின்விசிறி.

நரைத்த தலை, வெள்ளை வேட்டி, ஜெர்மன்காரர். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. முன்னால் அந்த சோபா. அதில் படம்.

பக்கத்தில் ஆந்திரத்து அம்மா ஒருவர் பேத்தியின் காதில் ஏதோ சொல்கிறார். பேத்தி தலையாட்டுகிறாள்.

வெளியே மயில் அகவுகிறது. யாரும் அசையவில்லை.

*

மயிலைத் தாண்டினால் ஆசிரமத்துப் பசு லட்சுமியின் சமாதி. 1948. காகத்துக்கும் நாய்க்கும்கூட உண்டு. எல்லாம் வரிசையாக, சின்னதாக.

இவற்றைப் பார்க்க வேண்டிய இடங்களில் யாரும் சேர்ப்பதில்லை. நான் எப்போதும் இங்கேதான் கொஞ்சம் நிற்கிறேன்.

*

தம்பி ஒரு சனிக்கிழமை போன ஊர் ஹாம். ஊஎன்ட்ராப் தொழிற்பேட்டையில் காமாட்சி அம்பாள் கோயில். ஈழத்துப் போருக்குத் தப்பிப் போனவர்கள் எழுப்பியது. 2002இல் கும்பாபிஷேகம். கோபுரம் 17 மீட்டர். தேர் ஓடும் நாளில் ஜெர்மனி முழுதிலிருந்தும் தமிழர்கள் வந்து சேர்கிறார்கள். காவடி தார்ச் சாலையில் ஆடுகிறது. தீர்த்தம் நதியில் அல்ல. சரக்குக் கப்பல் போகும் கால்வாய் இருக்கிறது. அதுவே தீர்த்தம்.

அவன் அனுப்பிய படத்தில் கோபுரத்துக்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகை.

இங்கிருந்து பார்க்கையில் அது ஒரு மலை போலவும் இருக்கிறது. அப்புறம் புகை போலவே இருக்கிறது.

*

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயலின் மழை. அடிவாரத்தில் வ.உ.சி. நகர். மலையிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கின. ஒரு வீடு. ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

அந்த மாதமே கார்த்திகை தீபம். பக்தர்களை மேலே ஏற விடவில்லை. கொப்பரையில் தீபம் வழக்கம்போல் எரிந்தது, பதினொரு நாள்.

எழுதுவதை நிறுத்துகிறேன்.

*

மாலை. வேங்கிக்கால் ஏரிக்கரை. கலெக்டர் ஆபீஸ் முடிந்து பைக்குகள் வரிசையாகப் போகின்றன. கொக்கு ஒன்று. தண்ணீரில் அலை.

ஒருவரும் மலையைப் பார்க்கவில்லை. தினமும் இருப்பதை யார் பார்க்கிறார்கள். நானும் இன்று கேள்வி வந்ததால்தான் பார்க்கிறேன்.

*

பதில் எழுதத் தொடங்குகிறேன். சுருக்கமாக வருகிறது.

பௌர்ணமி வேண்டாம். அந்த இரண்டு நாளும் அறை கிடைக்காது, கூட்டத்தைத்தான் பார்க்க முடியும். முதல் நாள் விடியும் முன் கிரிவலம், செருப்பில்லாமல், இருட்டிலேயே தொடங்கினால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். மதியம் தூக்கம். நடை திறந்த பிறகு கோயில். வடக்குக் கோபுரத்தை மறக்க வேண்டாம். மறுநாள் காலை ஸ்கந்தாசிரமம், இறங்கி வந்து பழைய ஹால். மலை உச்சிக்கு ஏற வேண்டாம். வனத்துறையின் தடை இருக்கிறது. சாத்தனூர் அணை, ஜவ்வாது மலை எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் இந்த இரண்டு நாளில் அவற்றைத் திணித்தால் காருக்குள்ளேயே பொழுது போய்விடும்.

மூன்றாவது நாள் இருந்தால் செஞ்சி. சாலை வழி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ராஜகிரிக் கோட்டையில் வெயிலுக்கு முன் ஏற வேண்டும். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்வது நல்லது.