மாலைப் பொழுதும் மனிதத் தெரிவும்: சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

அறவியல் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் போர், வாய்மை, வாக்குறுதி, உயிர்க்கொலை போன்ற பெரும் பொருள்களையே எடுத்துக்கொள்வர். நாள் முழுதும் உழைத்த ஒருவன் மாலையில் நண்பரோடு சற்று இளைப்பாறி, ஒரு கிண்ணம் அருந்தி, கவலையின்றிப் பேசியிருக்க எவ்விடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்னும் வினா அவர்களுக்கு அற்பமானதாகத் தோன்றக்கூடும். ஆயினும் மனிதர் ஓய்வை அடைவதற்காகவே உழைக்கின்றனர் என்று அரிஸ்டோட்டில் கருதினார். அக்கருத்து உண்மையாயின், ஒரு சமுதாயம் தன் உழைப்பாளருக்கு எத்தகைய ஓய்வை அளித்துள்ளது என்பதைக் கொண்டே அச்சமுதாயத்தின் அறநிலையை மதிப்பிட வேண்டும்.

ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1946 ஆம் ஆண்டில், தம் மனத்துக்குகந்த மதுச்சாலை ஒன்றின் இயல்புகளை விவரித்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். பேச்சுக்கு இடையூறில்லாத அமைதி, வாடிக்கையாளரை அறிந்த பணிப்பெண்கள், பிள்ளைகளுடன் குடும்பமாக அமரத்தக்க தோட்டம் என அவர் அடுக்கிச் சென்று, இறுதியில் அத்தகைய மதுச்சாலை எங்கும் இல்லை என்று கூறி முடித்தார். அக்கட்டுரையின் சுவை ஒருபுறமிருக்க, அது வெளிப்படையாகக் கூறாத சில எடுகோள்கள் உள்ளன. தெரிந்தெடுப்பவனுக்குப் பல மதுச்சாலைகள் எட்டும் தூரத்தில் உள்ளன. அவன் கையில் தன் பணம் உள்ளது. அவன் வீடு திரும்பும் வழி அச்சமற்றது. இந்த எடுகோள்கள் யாவும் பொய்த்துப் போகும் ஓரிடத்தில் அதே வினாவை எழுப்பினால் என்னவாகும்? இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சப்ரகமுவத் தோட்டங்கள் அத்தகைய ஓரிடமாகும்.

மலையகம் என்றதும் நுவரெலியாவின் தேயிலைச் சரிவுகளே பலர் நினைவுக்கு வருகின்றன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெகியோவிற்றை முதலிய பகுதிகளில் இறப்பரும், பலாங்கொடை, இறக்குவானை முதலிய பகுதிகளில் தேயிலையும் இறப்பரும் தொழிலாளரின் நாளை வகுக்கின்றன. குளிர்ந்த வைகறையிலேயே பால் நன்கு சுரக்கும் என்பதால் பால்வெட்டு விடியலில் தொடங்குகிறது. மழை பெய்த காலையில் மரம் வெட்டப்படுவதில்லை. ஆகவே மழை மிகுந்த இம்மாவட்டங்களில் வானமே வருமானத்தை நிர்ணயிக்கிறது. வேலை முடிந்து திரும்பும் இடமோ பிரித்தானியர் காலத்து லயம். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அளவான ஒரு காம்பரா, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. பல குடும்பங்களுக்கு இன்றளவும் இதுவே வீடு. விருந்தினரை வரவேற்கவோ, நண்பருடன் தனித்திருந்து பேசவோ அதில் இடமில்லை. எனவே மாலையில் வெளியே செல்லுதல் என்பது இங்கு வீட்டின் அமைப்பே ஏற்படுத்தும் தேவையாகும்.

அவ்வாறு வெளியே செல்பவன் முன்னுள்ள தெரிவுகள் யாவை? அனுமதிபெற்ற கள்ளுத் தவறணையும் சாராயக் கடையும் ஒருபுறம். அயற் கிராமத்தில் கித்துள் சீவுவோரிடம் கிடைக்கும் கள் மற்றொருபுறம். கித்துல்கலை என்னும் ஊர் அம்மரத்தின் பெயரையே தாங்கி நிற்குமளவுக்கு இம்மாகாணம் கித்துளுக்குப் பேர்போனது. இறக்கிய பொழுதில் இனிக்கும் அதன் பதநீரைக் காய்ச்சினால் பாணியும் கருப்பட்டியும் ஆகும்; சில மணிநேரம் வாளாவிருந்தால் அதுவே புளித்துக் கள்ளாகும். மூன்றாவதாக, மறைவிடத்தில் வடிக்கப்படும் கசிப்பு. இவற்றுள் கள் மெதுவாக அருந்தப்படுவது, பேச்சுக்கு இடங்கொடுப்பது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மதுசாரம் கொண்ட சாராயம் அவ்வாறன்று. கசிப்போ இருளில், நின்றவாறே, விரைவாக விழுங்கப்படுவது. குடிவகை மாறும்போது கூடியிருத்தலின் இயல்பும் மாறுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இத்தெரிவுகள் தாமாக அமைந்தவையல்ல. பிரித்தானிய ஆட்சியில் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. அதனால் அரசு இறை பெற்றது. குத்தகைக்காரர் பெருஞ்செல்வம் ஈட்டினர். 1904 ஆம் ஆண்டில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் இதனை எதிர்த்தது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் கள் விற்பனையைச் சாராய விற்பனையினின்றும் பிரித்து, ஊர்தோறும் கள்ளுத் தவறணைகள் திறக்க வழிசெய்தபோது அவ்வியக்கம் மீண்டும் வலுப்பெற்றது. டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா ஆகியோர் அதன்வழியே பொதுவாழ்வில் முன்னிலை பெற்றனர். அவர்கள் 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தையொட்டிச் சிறைவைக்கப்பட்டமையும் வரலாறு. எனவே, தவறணை எங்கே அமைய வேண்டும் என்னும் வினா நூறாண்டுகளுக்கு மேலாக இந்நாட்டின் அரசியல் வினாவாகவே இருந்து வந்துள்ளது. அவ்வினாவுக்கு விடையளித்தோருள் தோட்டத் தொழிலாளியின் குரல் மிகச் சன்னமாகவே ஒலித்தது.

மதுவைப் பற்றிய ஒழுக்க நோக்குகள் இரண்டு நம்மிடையே நிலவுகின்றன. முதலாவது விலக்கு நோக்கு. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பௌத்தத்தின் ஐந்து சீலங்களுள் ஒன்றும் அதுவே. ஆயினும் தமிழ் மரபு ஒரே குரலில் பேசியதென்று கூறுவதற்கில்லை. அதியமானின் மறைவுக்கு ஔவையார் இரங்கிய புறநானூற்றுப் பாடலில், அவன் கள்ளைப் பகிர்ந்த பாங்கே அவனது ஈகைக்குச் சான்றாக நினைவுகூரப்படுகிறது. குடித்தலை வள்ளுவர் கடிந்தார். பகிர்தலை ஔவையார் போற்றினார். இவ்விரண்டும் ஒரே மரபின் இரு கண்களாகும்.

இரண்டாவது நோக்கு உரிமை நோக்கு. ஜோன் ஸ்ருவார்ட் மில் 1859 இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், மதுக்கடைகளின் எண்ணிக்கையைக் குறைத்து மக்களுக்கு அவற்றை எட்டாக்கனியாக்க முயல்வதைக் கண்டித்தார். சிலர் தவறாகப் பயன்படுத்துவர் என்பதற்காக எல்லோரையும் இடர்ப்படுத்துவது, உழைக்கும் மக்களைக் குழந்தைகளாக நடத்துவதாகும் என்பது அவர் வாதம். தோட்டத் தொழிலாளியின் குடிப்பழக்கம் பற்றி நகரத்து மேடைகளில் நிகழ்த்தப்படும் உபதேசங்கள் பலவற்றைக் கேட்கும்போது மில்லின் கண்டனம் இன்றும் பொருந்துகிறது. நகர விடுதியில் அருந்துபவனின் செயல் ‘பொழுதுபோக்கு’ என்றும், தவறணையில் அருந்துபவனின் செயல் ‘சமூகப் பிரச்சினை’ என்றும் பெயர் பெறுவதன் நியாயம் யாதென வினவுதல் தகும்.

எனினும் இவ்விரு நோக்குகளும் குடிப்பவனையும் குடியையுமே பார்க்கின்றன, இடத்தைப் பார்ப்பதில்லை. போயா நாளில் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. குடிக்க விரும்புபவன் முன்னாளிலேயே போத்தலை வாங்கிக் காம்பராவுக்குக் கொண்டுவந்து விடுகிறான். அங்கே ஒரே அறை, ஒரே விளக்கு, அதன் கீழ் பிள்ளை பாடம் படிக்க வேண்டும், தாய் சமைக்க வேண்டும், தந்தை குடிக்கவும் வேண்டும். பல அறைகள் கொண்ட இல்லத்தில் ஒருவன் அருந்துவது தன்னளவில் நின்றுவிடும் செயலாயிருக்கலாம். ஒரே அறை கொண்ட லயத்தில் அது பிறர் வாழ்வின்மேல் உடனே படிகிறது. செயல் ஒன்றேயாயினும் இடம் அதன் அறப்பெறுமதியை மாற்றிவிடுகிறது. ஆகவே இடத்தைத் தெரிதல் சுவை பற்றிய செய்தி மட்டுமன்று, அறம் பற்றியதுமாகும்.

அவ்வாறாயின் நல்லதோர் இடத்துக்குரிய அளவுகோல்கள் எவை? முதலாவது, விரும்பியபோது எழுந்து செல்லக்கூடியதாய் இருத்தல். தோட்டத் தொழிலாளரின் வரலாறு கடனின் வரலாறாகும். கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டத்துக்குச் செல்லவியலாதவாறு அவர்களைப் பிணித்த துண்டு முறை 1921 ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் கடன் கொப்பியில் பெயரெழுதி ஊற்றிக் கொடுக்கும் விற்பனையாளன் அத்துண்டை வேறொரு வடிவில் மீண்டும் எழுதுகிறான். சம்பள நாளன்று முதலில் தனக்கே பணம் சேரவேண்டும் என்று எதிர்பார்க்கும் இடத்துக்கு ஒருவன் மறுநாளும் செல்வது விருப்பத்தால் அன்று, பிணிப்பால். கடன் இருக்கும் இடத்தில் தெரிவு இல்லை.

இரண்டாவது, மறுக்கக்கூடியதாய் இருத்தல். நண்பர் வற்புறுத்தும்போது ‘போதும்’ என்று சொன்னவனை ஏளனஞ்செய்யாத கூட்டமே நல்ல கூட்டம். குடியாதவனும் ஒரு தேநீரோடு அங்கே மதிப்புடன் அமர முடியுமாயின், அவ்விடம் நட்புக்காக உள்ளது. முடியாதாயின் அது விற்பனைக்காகவே உள்ளது. ஔவையார் போற்றிய பகிர்தலுக்கும் வற்புறுத்தலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மூன்றாவது அளவுகோல் கடுமையானது: ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் ஓய்வைப் பறித்து அமைதலாகாது. மலையில் கொழுந்தெடுத்தும் பால்வெட்டியும் ஆணுக்குச் சமமாகவோ மேலாகவோ உழைத்த பெண், பீலிக்கரையில் நீர் சுமந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பார்க்கும் அதே பொழுதே ஆணின் இளைப்பாறும் பொழுதாகும். தோட்டத்துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984 ஆம் ஆண்டிலேயே கிட்டியது. ஆயினும் சமமான மாலைப்பொழுது இன்னும் கிட்டவில்லை. 1979 ஆம் ஆண்டு அறிவித்தலொன்று பெண்களுக்குத் தவறணையில் மது விற்பதையே தடைசெய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கியபோது, சில நாட்களிலேயே அம்முடிவைத் திரும்பப் பெறுமாறு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பணித்தார். பெண்கள் குடிக்க வேண்டும் என்பது இங்கு வாதமன்று. அப்போது நாட்டில் எழுந்த விவாதம் பெண்ணின் ஒழுக்கம் பற்றியதாகவே பெரிதும் இருந்தது. பெண்ணின் ஓய்வு பற்றியதாக இருக்கவில்லை. அவள் மாலையில் அமர்ந்து பேச ஓரிடம் வேண்டும் என்று கேட்டவர் மிகச் சிலரே.

மில் கூறிய மற்றொன்றை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். குடித்ததற்காக ஒருவனைத் தண்டித்தலாகாது. ஆனால் குடியினால் குடும்பத்துக்குரிய கடமையில் தவறினானாயின் அத்தவறுக்காக அவன் தண்டனைக்குரியவனே என்றார் அவர். மனைவியின் சம்பளமும் தவறணையில் கரையுமாயின் அங்கு உரிமை பற்றிய பேச்சுக்கே இடமில்லை, அது களவாகும்.

நான்காவது, வீடு திரும்பும் வழி அச்சமற்றதாய் இருத்தல். இம்மாவட்டங்களில் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களும் நுவரெலியாவிற் போலன்றி மிக நெருங்கிக் கிடக்கின்றன. கித்துள் கள்ளின் முன்னே தமிழ்த் தொழிலாளியும் சிங்களக் கமக்காரனும் ஒரே வாங்கில் அமர்ந்து, இரு மொழியும் கலந்து, மழை பற்றியும் விலைவாசி பற்றியும் பேசுவது இங்கு இயல்பே. ஆனால் 1977 ஆம் ஆண்டிலும், 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத்திலும், 1983 ஜூலையிலும் தோட்டத்துத் தமிழர் தாக்கப்பட்டனர். பலர் உடைமை இழந்து வெளியேறினர். அதன்பின், எந்த வாங்கில் யாரருகே அமர்வது, எத்தனை மணிக்கு எழுவது என்பன வெறும் விருப்பத்தால் முடிவாகவில்லை. கவலையற்ற மாலை என்பது அயலவர் மீதுள்ள நம்பிக்கையின் மறுபெயர். அந்நம்பிக்கை குலைந்த இடத்தில் எந்த மதுவும் ஒருவனை இளைப்பாற்றாது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். இத்துணை நிபந்தனைகளும் வறியவனுக்கு இல்லையாயின் அவன் செயலுக்கு அவனைப் பொறுப்பாக்குதல் எங்ஙனம் என்று சிலர் கேட்பர். சூழல் தெரிவைச் சுருக்குகிறது என்பது மெய். அதனை முற்றாக அழித்துவிடுகிறது என்பது மெய்யன்று. அதே லயத்தில், அதே சம்பளத்தில், இரு கிண்ணத்தோடு எழுந்து வீடு செல்பவரும் உளர். ஒருபோதும் தொடாதவரும் உளர். சூழலே காரணம் என்று கூறி ஒருவனைப் பொறுப்பினின்றும் விடுவித்தல், பிறிதொரு வகையில் அவனைக் குழந்தையாக்குவதேயாகும். மறுபுறம், பொறுப்பு முழுவதையும் அவன் தலையில் சுமத்துவோர், ஒற்றை அறை லயத்தையும் ஒற்றைத் தவறணையையும் அமைத்தவர்களின் பொறுப்பை மறைக்கின்றனர். தெரிவோனின் பொறுப்பும் தெரிவுகளை அமைத்தோரின் பொறுப்பும் ஒன்றையொன்று குறைப்பனவல்ல.

தோட்டத்துப் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் தொகை மெல்ல வளர்ந்துவரும் காலம் இது. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் அத்தோட்டங்களின் அயலிலேயே அமைந்துள்ளது. கற்று மேலெழுந்த தலைமுறை தன் தந்தையரின் தவறணையை நாணத்தோடு நோக்குவது எளிது. அங்கே அவர்கள் தேடியது யாது என்று வினவுவதே கடினம். அவர்கள் தேடியவற்றுள் மதுவோடு வேறு சிலவும் இருந்தன: துரையும் கணக்கப்பிள்ளையும் இல்லாத ஓர் இருக்கை, பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரல், கணக்கிடப்படாத ஒரு மணிநேரம். ஒரு வாசிகசாலை, விளக்கெரியும் ஒரு விளையாட்டுத்திடல், பெண்களும் அமரத்தக்க ஒரு தேநீர்க்கடை, இரண்டாவது அறையுள்ள ஒரு வீடு ஆகியன தோட்டந்தோறும் அமையுமாயின், அதன்பின்னும் தவறணைக்குச் செல்பவனைப் பார்த்து, ‘இது உன் தெரிவு’ என்று நாம் நியாயமாகக் கூறலாம். அதுவரை அச்சொல்லைச் சற்றுத் தயக்கத்துடனேயே உச்சரித்தல் வேண்டும்.