அழுதவளின் பக்கத்தில் வந்து அமர்ந்த பெண் – ஜும்ஆ உரை

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், தோழியர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! மேல்தளத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! இந்த உரையைப் பிறகு வீட்டிலிருந்து படிக்கப் போகிறவர்களே! அல்லாஹ்வைப் பயந்து நடக்குமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

இன்றைய தலைப்பைச் சொன்னதும், மிம்பரில் பேசுகிற விஷயமா இது என்று ஒருவர் கேட்டார். மார்பகப் புற்றுநோய். அந்தப் பெயரைச் சொல்லவே நமக்குக் கூச்சம். 'அந்த இடத்தில் ஒரு கட்டி' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அன்சாரிப் பெண்கள் குளிப்பின் சட்டங்களை நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் நமக்கு மட்டும் எதற்கு இந்தத் தடை?

2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 6,70,000 பேர் இறந்தார்கள். இந்தியாவில் மட்டும் அந்த ஆண்டில் புதிதாக ஏறத்தாழ 1,92,000 பெண்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடத்தில் இருக்கிறது. இவ்வளவு பேருக்கு வருகிற நோய் நம் மஹல்லாவுக்கு மட்டும் வராமலா இருக்கும்? வருகிறது. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் தெரிவதில்லை? கீமோ ஏற்றிய இரண்டு மூன்று வாரங்களில் பலருக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிடும். மற்ற சமூகத்துப் பெண்ணாக இருந்தால் தெருவில் பார்ப்பவர்கள் 'என்னம்மா ஆச்சு?' என்று கேட்பார்கள். நம் சகோதரி முக்காடு போட்டிருக்கிறாள். முக்காடு அவளுடைய கண்ணியத்தைக் காக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவளுக்குத் துணை தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. கல்யாண வீட்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போன பெண், மறுநாள் காலை நான்கு மணிக்கு மருத்துவமனைக்குப் பஸ் ஏறியிருப்பாள். உங்களுக்குத் தெரியாது. அவளும் சொல்ல மாட்டாள். வீட்டில் நிக்காஹ் ஆகாத மகள் இருக்கிறாள். 'அவள் உம்மாவுக்கு அந்த நோயாம், பிள்ளைக்கும் வருமாம்' என்று பேசிச் சம்பந்தத்தைத் தட்டிவிடுவார்களோ என்ற பயம். இந்தப் பயம் அவளுடைய பலவீனத்தால் வந்ததல்ல. நம் வாய்க்குப் பயந்துதான் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

அன்பான சகோதரிகளே, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அவர்கள் மீது அவதூறு சொல்லப்பட்ட சம்பவம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸஹீஹுல் புகாரியில் அது நீண்ட ஹதீஸாகப் பதிவாகியிருக்கிறது. பயணத்திலிருந்து திரும்பிய அன்னை ஒரு மாதம் நோயுற்றிருந்தார்கள். ஊர் என்ன பேசுகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு தாய் வீட்டுக்கு வந்தார்கள். தாயார் தேற்றினார்கள்: மகளே, மனதை விட்டுவிடாதே, கணவன் நேசிக்கும் பெண்ணைப் பற்றி இப்படிப் பேசத்தான் செய்வார்கள் என்ற கருத்தில். நல்ல வார்த்தை, பெற்ற தாயின் வார்த்தை. ஆனால் அழுகை நிற்கவில்லை. தூக்கம் இல்லை, கண்ணீர் ஓயவில்லை, ஈரலே பிளந்துவிடுமோ என்று நினைக்கும் அளவுக்கு அழுதார்கள். பெற்றோர் இருவரும் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் ஓர் அன்சாரிப் பெண் வாசலில் வந்து உள்ளே வர அனுமதி கேட்கிறார். அன்னை அனுமதிக்கிறார்கள். அந்தப் பெண் வந்து உட்காருகிறார், அவரும் சேர்ந்து அழ ஆரம்பித்துவிடுகிறார். அவ்வளவுதான். என்ன பேசினார்? ஒரு வார்த்தையும் பதிவாகவில்லை. பெயர் என்ன? அதையும் அந்த ஹதீஸில் அன்னை சொல்லவில்லை. ஆனால் தம் வாழ்நாளின் மிகக் கடினமான நாட்களை விவரிக்கும்போது அந்தப் பெண்ணை விட்டுவிடாமல் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அவர் அனுமதி கேட்டார், திபுதிபுவென்று உள்ளே நுழையவில்லை. வந்த பிறகு விசாரணை நடத்தவில்லை. நாம் நோய் விசாரிக்கப் போனால் எப்படிப் பேசுகிறோம்? 'எப்போ தெரிஞ்சுச்சு? எத்தனாவது ஸ்டேஜ்? எங்க மாமி மகளுக்கும் இதுதான், ஆறு மாசத்துல மவுத்தாயிட்டா.' சொல்லிவிட்டு அவர்கள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வருகிறோம். நோயாளியை நலம் விசாரிப்பது எவ்வளவு பெரிய அமல்! அடியானின் நோயைத் தன்னோடு இணைத்து, என்னை நீ ஏன் நலம் விசாரிக்க வரவில்லை என்ற கருத்தில் அல்லாஹ் மறுமையில் கேட்பான் என்று முஸ்லிமில் பதிவான ஹதீஸ் குத்ஸி சொல்கிறது. அந்த அமலை நாம் இப்படிச் செய்துகொண்டிருக்கிறோம்.

சரி, அப்படி அழுகிற பெண்ணின் பக்கத்தில் போய் உட்காரத் தகுதியானவள் யார்? ஆலிம் சொல்வார், டாக்டர் சொல்வார், கணவர் சொல்வார். எல்லாமே தேவைதான். ஆனால் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே மருந்தை ஏற்றிக்கொண்டு, அதே வாந்தியை எடுத்து எழுந்து வந்த இன்னொரு பெண் சொல்வது போல ஆகாது.

அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. கீமோ ஏற்றிய வாயில் எந்தச் சோறும் இரும்பு போலக் கசக்கும், கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து பார் என்று அவள் சொல்வாள். முடி தானாக உதிர்ந்து தலையணையில் கிடப்பதைப் பார்த்து உடைந்து போவதைவிட, முன்பே குட்டையாக வெட்டிவிடு என்பாள். அறுவை சிகிச்சை முடிந்து கையைத் தூக்க முடியாமல் இருப்பவளிடம், 'சுவரில் விரலை வைத்து எறும்பு மாதிரி மேலே ஏற்று, டாக்டர் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதே, நானும் அழுதுகொண்டேதான் செய்தேன்' என்பாள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தை மருத்துவமனையில் வாங்கிக்கொள் என்பாள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும், எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்பது வரை அவளுக்கு அத்துபடி.

இன்னொரு விஷயம். மருந்து ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பொதுவாக இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது சாதாரண சளிகூட ஆபத்தாக முடியலாம். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நாட்களில்தான் நாம் குழந்தை குட்டிகளோடு பத்துப் பேராகப் போய் நலம் விசாரிக்கிறோம்! அனுபவப்பட்ட ஒரு லாத்தா அந்த வீட்டில் இருந்தால் வாசலிலேயே நிறுத்தி, 'போனில் பேசிக்கோங்க, துஆ செய்யுங்க' என்று சொல்லிவிடுவாள். அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரமளான் வரும். நாற்பது வருடம் விடாமல் நோன்பு வைத்த தாய், இந்த வருடம் முடியவில்லையே என்று ஏங்கி அழுவார். நோயாளிகள் வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம், முடியாதவர்களுக்கு ஃபித்யா இருக்கிறது என்ற சட்டத்தை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களைக் காட்டி நான் விளக்கிவிடுவேன். அவர் தலையாட்டுவார். ஆனால் 'நானும் போன ரமளானில் வைக்கவில்லை, பாங்கு சொல்லும்போது அழுதேன், இந்த வருடம் அல்லாஹ் தந்தான்' என்று ஒரு பெண் சொல்லும்போதுதான் அந்தச் சட்டம் அவர் மனதுக்குள் இறங்கும்.

1952இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் டெரிஸ் லாசர் என்ற பெண்ணுக்கு மார்பகம் அகற்றப்பட்டது. இனி கையை எப்படி அசைப்பது, எப்படி உடை உடுத்துவது என்று சொல்லித் தர அவருக்கு ஆளில்லை. உடல் தேறியதும், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் மற்றப் பெண்களின் கட்டிலுக்கே போய் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். தொடக்கத்தில் மருத்துவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. நம் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் வேதனையிலிருந்து பிறந்ததுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்டது.

இப்படிப் பெண்கள் கூடி உட்கார்ந்து பேசினால் நோய் குணமாகிவிடுமா என்று கேட்கலாம். மருத்துவ ஆய்வாளர்களும் இதைக் கேட்டார்கள். 1989இல் 86 பெண்களை வைத்து வெளிவந்த ஓர் ஆய்வு, குழுவாகக் கூடிப் பேசிய பெண்கள் அதிக காலம் வாழ்ந்ததாகச் சொன்னது. பிறகு கனடாவில் 235 பெண்களிடம் அதைச் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயுள் நீளவில்லை. ஆனால் வலியும் மன வேதனையும் குறைந்திருந்தன. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது சகோதரர்களே? அஜல் அல்லாஹ்வின் கையில். அதில் ஒரு நொடியைக் கூட்டவோ குறைக்கவோ நம்மால் முடியாது. ஆனால் அந்த நாட்களை ஒரு சகோதரி வலி குறைந்து, மனம் லேசாகிக் கழிக்க நாம் காரணமாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். துணைக்குப் போகிறவள் டாக்டராக மாறிவிடக் கூடாது. 'கீமோவை நிறுத்திவிடு, கருஞ்சீரகம் போதும்' என்று சொல்லி ஓர் உயிரோடு விளையாடாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளும்படி சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஓதிப் பார்ப்பதும் துஆவும் சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கட்டும். 'என்ன பாவம் செய்தாளோ' என்ற பேச்சும் வேண்டாம். அய்யூப் (அலை) அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ஜமாஅத்தார்களே, இதில் பள்ளிவாசலுக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். அகழ்ப்போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு எங்கே சிகிச்சை நடந்தது? மஸ்ஜிதுந் நபவியில் போடப்பட்ட கூடாரத்தில். அந்தக் கூடாரத்தில் காயம்பட்டவர்களைக் கவனித்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி என்று வரலாற்றில் பார்க்கிறோம். நபியின் பள்ளியில் ஒரு பெண் நோயாளிகளைக் கவனிக்க இடம் இருந்தது. நம் பள்ளியின் மேல்தளத்தில், மாதத்தில் ஒரு நாள், அஸருக்குப் பிறகு நான்கு பெண்கள் உட்கார்ந்து பேச இடம் இருக்காதா?

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பத்ருப் போர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு உஸ்மான் (ரலி) அவர்கள் போகவில்லை. நோயுற்றிருந்த தம் மனைவி ருகையா (ரலி) அவர்களைக் கவனித்துக்கொள்ள மதீனாவிலேயே இருக்கும்படி நபி (ஸல்) அவர்களே சொன்னார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் அவர்களுக்கு உண்டு என்றும் சொன்னார்கள். மனைவியின் நோய்ப்படுக்கையின் அருகே இருப்பதற்கு அவ்வளவு மதிப்பு. உங்கள் மனைவி இன்னொரு நோயாளிச் சகோதரியைப் பார்க்கப் போக வேண்டும் என்று கேட்டால், சோறு யார் ஆக்குவது என்று கேட்காதீர்கள். அன்றைக்குக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

நிர்வாகத்தினரிடம் பேசிவிட்டேன். இந்தச் சிகிச்சையை முடித்தவர்களும், இப்போது எடுத்துக்கொண்டிருப்பவர்களும், நம் மக்தபில் பாடம் நடத்தும் ஆலிமாவிடம் தங்கள் பெயரைச் சொல்லலாம். அவர் எங்கும் எழுதி வைக்க மாட்டார், என்னிடமும் சொல்ல மாட்டார். ஒருவரை இன்னொருவருடன் சேர்த்து வைப்பது மட்டும்தான் அவருடைய வேலை. பரிசோதனைக்குப் போகவே பயந்து கட்டியை மறைத்து வைத்திருக்கும் சகோதரிகளும் அவரிடம் வரலாம், துணைக்கு ஆள் கிடைக்கும். மருத்துவமனைக்குப் போய்வரும் செலவு, துணைக்குப் போகிறவருக்கும் சேர்த்து, பைத்துல்மாலிலிருந்து தரப்படும். பணம் கொடுப்பவருக்கு வாங்குபவர் யார் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் மஹல்லாவில் யாரிடமும் சொல்லாமல் இந்த நோயைச் சுமந்துகொண்டிருக்கும் பெண்களை நீ அறிவாய். அவர்களுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களின் வலியை அவர்களுடைய பாவங்களுக்குப் பரிகாரமாக்குவாயாக. இந்த நோயில் மரணித்த எங்கள் தாய்மார்கள், சகோதரிகளின் கப்ருகளை விசாலமாக்குவாயாக. அடுத்த வாரம் மருந்தேற்றப் போகிறவளுக்கு ஒரு துணையை அனுப்புவாயாக. ஆமீன்.