மல்லாட்டை வயலில் மறைந்த பெயர்கள்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக் கொட்டை என்ற பெயர்தான் நாக்கில் புழங்கிப் புழங்கி அப்படித் தேய்ந்தது. கடல் கடந்து வந்த பயிரின் வழித்தடம் அந்தச் சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது. அதே பயிருக்கு விதைக்கடையில் இன்னொரு பெயர் உண்டு: டி.எம்.வி. திண்டிவனத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து அது; இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களுக்கெல்லாம் முன்னால் நிற்பது. குடியாத்தம் கொத்து என்ற ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த டி.எம்.வி. 2, 1940இல் வெளியானது. அமெரிக்காவின் டென்னசி ஒயிட் ரகத்திலிருந்து பிரித்தெடுத்த டி.எம்.வி. 7, 1967இல் வந்தது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் டி.எம்.வி. 2ஐத் தலைமுறை தாண்டி விதைத்தார்கள். ஊரின் பெயர் மாநில எல்லை கடந்து போயிற்று. அந்த விதைக்காக வெயிலில் நின்றவர்களின் பெயரோ ஊருக்குள்ளேயே எத்தனை பேருக்குத் தெரியும்? இதைக் குறை என்று சொல்வதா, உலக இயல்பு என்று விட்டுவிடுவதா?

குறை என்பதே என் எண்ணம். ஆனால் குறைவது பெயர் மட்டுமன்று. ஓர் ஆசிரியரோ விஞ்ஞானியோ மறைந்தால் இரங்கல் கூட்டம் நடக்கும், படம் திறப்பார்கள், செல்வாக்கு இருந்தால் ஒரு கட்டடத்துக்குப் பெயர் சூட்டுவார்கள். முதல் சில ஆண்டுகள் படத்துக்கு மாலை விழும். பிறகு அந்த வழியே போகும் மாணவனுக்கு அது சட்டமிட்ட ஒரு முகம், அவ்வளவுதான். பெயரைக் காப்பாற்றியிருப்போம், பணியைத் தொலைத்திருப்போம். முன்னவரிடமிருந்து அவர் எதைப் பெற்றார், எதை முயன்றார், எங்கே தோற்றார், யாரிடம் ஒப்படைத்துப் போனார் என்ற கணக்குதான் ஒருவரை நினைப்பதற்கான பொருள். அந்தக் கணக்கை எழுதி வைக்காதவரை நாம் செய்வது மரியாதைதான். அதை நினைவு என்று சொல்ல முடியாது.

மல்லாட்டையில் ஒட்டுக் கட்டும் வேலையை எண்ணிப் பாருங்கள். இதன் பூ விடியும்போது மலரும். வெளி மகரந்தத்துக்குக் காத்திராமல் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். ஆகவே இரண்டு ரகங்களைச் சேர்க்க நினைப்பவர் முதல் நாள் மாலையே செடியருகே குனிந்தாக வேண்டும். நுனிக் கூரான இடுக்கியால் மொட்டை விலக்கி, சூலகமுடி நசுங்காமல் மகரந்தப்பைகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மறுநாள் விடியலில் வேறொரு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவ வேண்டும். எல்லாம் கூடிவந்தால் சில நாளில் விழுது இறங்கி மண்ணுக்குள் போகும். கிடைப்பது ஒரு காய், அதற்குள் ஒன்றிரண்டு பருப்பு. அதை மறுபடி விதைத்து, அதன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பருவந்தோறும் பிடுங்கி எண்ணிப் பார்த்தால்தான் எந்தக் குணம் எந்த வழியில் இறங்குகிறது என்று தெரியும். ஜே.எஸ். படேல், சி.எம். ஜான், சி.ஆர். சேஷாத்ரி மூவரும் நிலக்கடலையின் மரபுக் குணங்கள் பற்றி 1936இல் இந்திய அறிவியல் கழக ஏட்டில் எழுதிய கட்டுரை இத்தகைய பல பருவ உழைப்பின் விளைச்சல். சேஷாத்ரி 1962இல் நிலக்கடலைக்கென்றே தனி நூல் எழுதினார். ஹைதராபாத்திலிருந்த இந்திய மத்திய எண்ணெய்வித்துக் குழு அதை வெளியிட்டது. வென்ற ரகம் மூட்டையில் ஏறி வயலுக்குப் போய்விடுகிறது. தள்ளிவிட்ட ஆயிரம் செடிகளை ஏன் தள்ளினார்கள் என்ற அறிவு எழுதினால்தான் மிஞ்சும். இல்லையேல் அடுத்து வருபவர் அதே ஆயிரத்தைத் திரும்பவும் பிடுங்க வேண்டியதுதான்.

பணி வாழ்க்கையை முழுதாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். மேலே சொன்ன படேல்தான் நெட்டைத் தென்னையையும் குட்டைத் தென்னையையும் சேர்த்துப் பிறந்த கன்றுகளின் வீரியத்தை 1937இல் எடுத்துச் சொன்னவர். நீலேசுவரம் பண்ணையில் நடந்த வேலை அது. மறு ஆண்டே தென்னையைப் பற்றி அவர் எழுதிய பெருநூலைச் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. மூன்றரை மாதத்தில் அறுவடையாகும் செடியையும் அறுபது ஆண்டு நிற்கும் மரத்தையும் ஒரே கண் பார்த்திருக்கிறது. திண்டிவனத்து மல்லாட்டை விவசாயியும் பொள்ளாச்சித் தென்னை விவசாயியும் ஒரே மனிதரின் உழைப்புக்குக் கடன்பட்டவர்கள் என்பதை ரகங்களின் பட்டியல் சொல்லாது. பயிர்வாரியாகப் பிரிந்து கிடக்கும் அறிவை ஒன்றாகக் கோத்துக் காட்டும் நூல், அதைத் தேடியவரின் வாழ்க்கைதான்.

ஆசிரியர்களுக்கு இது இன்னும் பொருந்தும். விஞ்ஞானி விட்டுப்போக விதையோ கட்டுரையோ இருக்கும். ஆசிரியர் விட்டுப்போவது மாணவர்களின் தலைக்குள் இருக்கிறது. கடைசி மாணவரோடு அதுவும் போய்விடும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் காலமானார். அவருடைய சரித்திரத்தை உ.வே. சாமிநாதையர் வெளியிட்டது 1933, 1934ஆம் ஆண்டுகளில், இரு பாகங்களாக. ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டு கழித்து, எழுபத்தெட்டு வயதில், மாணவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பிள்ளையவர்கள் பாடம் சொன்ன முறை, அவரை அண்டிப் படித்தவர்கள், ஆதரித்த மடமும் செல்வர்களும், அவருடைய பொருள் முடை எல்லாம் அதில் உண்டு. அச்சுப் புத்தகம் அரிதாக இருந்த காலத்தில் ஓர் ஆசிரியர் எப்படித் தமிழைக் கைமாற்றினார் என்று இன்று நாம் அறிவதற்குப் பெரும் ஆதாரம் அது. வெறும் புகழுரையாக எழுதியிருந்தால் அந்தப் பயன் கிடைத்திராது.

விதையே நினைவுச் சின்னம்தானே, அதற்கு மேல் பெயர் எதற்கு என்று கேட்பார்கள். பலன் கருதாமல் உழைத்தவர்களுக்குப் புகழ் தேடுவது அவர்கள் குணத்துக்கே மாறானது என்றும் சொல்வார்கள். உழைத்தவர் புகழை வேண்டாமல் இருப்பது அவருடைய பெருந்தன்மை. அதைக் காட்டி நாம் மறந்துபோவது பெருந்தன்மை ஆகாது. தவிர, இந்த நினைவு இறந்தவருக்காகக் கேட்கப்படுவதில்லை, அவருக்கு அது எட்டப்போவதும் இல்லை. விழுப்புரம் அரசுக் கல்லூரியில் தாவரவியல் படிக்கும் ஒரு பெண், அறிவியல் என்பது எங்கோ தொலைதூர நகரத்தில் நடப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அடுத்த ஊர் மண்ணில் எண்பது ஆண்டுக்கு முன்பே ஒருவர் இடுக்கியோடு குனிந்திருந்தார் என்று அறிவது அவளுக்குத் தேவை.

இன்னொரு மறுப்பு இவற்றைவிடக் கனமானது. ஒரு ரகம் ஒருவரால் வருவதில்லை. மாற்றலாகி வந்தவரும் போனவரும், களை எடுத்த பெண்களும், காய் எண்ணிய உதவியாளர்களும் சேர்ந்து உருவாக்கியதை ஓரிருவர் பெயரில் எழுதுவது அநியாயம் என்கிறது அது. உண்மைதான். ஆனால் இதற்குப் பரிகாரம் எல்லோரையும் சமமாக மறப்பதாக இருக்க முடியாது. படத்தில் ஒரு முகத்துக்குத்தான் இடம். பணிக் கணக்கில் எத்தனை பேருக்கும் இடமுண்டு; முன்னவரையும் உடனுழைத்தவரையும் சொல்லாமல் அதை எழுதவே முடியாது. புகழ்ச்சிதான் ஒருவரைத் தனியாக நிறுத்தும். ஒழுங்கான வரலாறு அவரைக் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தும்.

தனியாக நிறுத்துவதற்கும் கூட்டத்தோடு நிறுத்துவதற்கும் நம் மண்ணிலேயே ஒவ்வொரு முன்மாதிரி இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் எடுப்பித்த குடைவரை இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் ஆக்கியது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. செய்முறையைப் பொறிக்க வேண்டும் என்று தோன்றியிருப்பது பெரிய விஷயம். ஆனால் அதில் அரசன் மட்டும் இருக்கிறான், உளி பிடித்தவர் எவரும் இல்லை. அதே மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் இருக்கிறது. இறந்த வீரனோடு, கள்ளர்களைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் அதில் இருக்கிறது. யார், எப்போது, என்ன செய்து, யார் துணையோடு என்று ஒரு சிற்றூர்க் கல் சில வரிகளில் சொல்லி முடித்துவிட்டது.

இதையெல்லாம் எழுத யாருக்கு நேரம், யார் படிக்கப் போகிறார்கள் என்பது மிஞ்சும் கேள்வி. பெருநூல் வேண்டாம், ஒருவருக்கு நான்கு பக்கம் போதும். எந்த ஆண்டு வந்தார், என்ன கையிருப்போடு தொடங்கினார், எது பலித்தது, எது பலிக்கவில்லை, யாருக்குக் கற்றுக்கொடுத்தார், வயலில் யார் துணை நின்றார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் பணி ஓய்வு நாளில் பொன்னாடை போர்த்துகிறோம். அன்றே அவரை உட்கார வைத்து இவற்றைக் கேட்டு எழுதிவிடலாம். சாமிநாதையருக்கு ஐம்பத்தேழு ஆண்டு கழித்தும் எழுதும் அளவுக்கு நினைவு இருந்தது. எல்லா ஆசிரியருக்கும் அப்படி ஒரு மாணவர் வாய்ப்பதில்லை. ஆகவே சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். படிப்பவர் இன்று இல்லாமல் போகலாம். விதையையும் அடுத்த பருவத்தை நம்பித்தானே எடுத்து வைக்கிறோம்.