வாசற்படியில் நின்ற மாணவன்

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அவர்களுள் ஒருவன் அமைதியாக அமர்வதில்லை, அருகிலிருப்பவனைத் தள்ளுகிறான், அழைத்தால் திரும்புவதில்லை. அவனை வெளியே நிறுத்தினால் மற்ற முப்பத்தொன்பது பேரும் பாடம் கேட்பர். ஒருவனை விலக்கிப் பலருக்கு நன்மை செய்தல் அறமாகுமா? ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பணியாற்றிய ஆண்டுகளில் மாணவ ஆசிரியர்கள் நம்மிடம் ஓயாது கேட்ட வினா இது. கேட்கும்போதெல்லாம் ஒரு சிறுவன் நம் நினைவில் வந்து நிற்பான்.

1974ஆம் ஆண்டு, நாம் பணியேற்று மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. நான்காம் வகுப்பு. கரும்பலகையை நோக்கி எழுதிக்கொண்டே நாம் சொல்வதை அவன் எழுதமாட்டான். பக்கத்துப் பையனின் நோட்டை இழுத்துப் பார்ப்பான். அவன் மறுத்தால் அடி விழும். திமிர் என்று முடிவு கட்டினோம். பல நாள் வாசற்படியில் நிறுத்தினோம். பிரம்பை நாம் தொட்டதில்லை. ஆதலால் அகிம்சை தவறாதவர் என்றே நம்மை எண்ணியிருந்தோம். ஒருநாள் அவனுடைய பாட்டி வந்தார். "டீச்சரம்மா, மணல்வாரி போட்டதிலேர்ந்து ரெண்டு காதுலயும் சீழ் வருது. மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாத்தான் புரிஞ்சுக்குவான்" என்றார். நாமோ பலகையைப் பார்த்துக்கொண்டு பேசியிருந்தோம்.

அடங்காமை எனப்படுவதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அதன் பின்னரே நமக்கு வந்தது. கூப்பிட்டும் சில நொடி வெறித்து நிற்கும் குழந்தை அலட்சியம் செய்வதாகத் தோன்றும். அது வலிப்பு நோயின் ஒரு வகையாக இருக்கலாம். பள்ளி மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் ஆட்டிசக் குழந்தைக்கு அவ்வொலி மெய்யாகவே வேதனை தருகிறது.

பயிற்சி மாணவர்களிடம் ஒரு நோட்டில் மூன்று பத்தி பிரிக்கச் சொல்வோம். நடந்தது நடுவில், அதற்குச் சற்று முன் நேர்ந்தது இடப்புறம், அதன்பின் ஆசிரியரும் பிறரும் செய்தது வலப்புறம். இரண்டு வாரம், தீர்ப்புச் சொல் ஒன்றும் சேர்க்காமல் எழுத வேண்டும். 'பொல்லாதவன்' என்று எழுதினால் அடித்துவிடுவோம். ஒரு மாணவ ஆசிரியை எழுதிவந்த நோட்டில், ஒரு பையன் அடுத்தவனைத் தள்ளியதெல்லாம் உரக்க வாசிக்கும் முறை தன்னை நெருங்கும் வேளையிலேயே என்று தெரிந்தது. எழுத்துகள் அவனுக்குப் பிடிபடவில்லை. தள்ளினால் வெளியே அனுப்புவர். வெளியே சென்றால் வாசிக்க வேண்டியதில்லை, நாற்பது பேர் சிரிப்பும் இல்லை. தண்டனை என்று நாம் கருதியது அவனுக்குப் புகலிடமாக இருந்தது! அவனை முதல்நாளே தனியே வாசிக்க வைத்து, தெரிந்த இரு வரிகளை மட்டும் வகுப்பில் கேட்கத் தொடங்கியதும் தள்ளுவது பெரிதும் குறைந்தது.

ஒருவனுக்கு மட்டும் இச்சலுகை நியாயமா என்பர். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் நம் இல்லத்துப் பெரியோர் உபவாசம் இருக்கையில் நோயாளிக்கும் சிறு குழந்தைக்கும் வேளைக்கு உணவு கொடுக்கிறோம். தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாக எவரும் வருந்துவதில்லை.

அடிபட்ட பிள்ளையின் துயரம் பொய்யன்று. அவனைக் காத்தலும் ஆசிரியரின் கடமையே. கைமீறும் வேளையில் ஒரு குழந்தையைத் துணையோடு அமைதியான இடத்திற்கு அழைத்துச் சென்று, தணிந்தபின் மீட்டு வருவதை நாம் குறை கூறோம். துணையின்றி வெளியே நிறுத்தி மறந்துவிடுவதே தீங்கு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கண்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு உட்பட 21 வகைகளை ஏற்றது. சட்டம் வந்துவிட்டது, நாற்பது பேர் நடுவே தனித்து நிற்கும் ஆசிரியைக்குத் துணைக்கரம்தான் போதவில்லை. அவரை மட்டும் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நம் இல்லங்களைப் பற்றியும் கூறவேண்டும். சிற்றெறும்பு மிதிபடாதிருக்க நிலம் நோக்கி நடக்கும் நம்மவர் சிலர், தம் பிள்ளையை 'அந்தப் பையன்' அருகில் அமர்த்த வேண்டாம் என்று தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதியதைக் கண்டிருக்கிறோம். அக்காளின் திருமணம் தடைப்படுமோ என்று, குறையுள்ள தம்பியை விழா நாள்களில் உள்ளறையில் வைத்திருந்த பெற்றோரையும் அறிவோம். அவர்களிடம் அச்சமே இருந்தது, கொடுமை இல்லை. எனினும் கதவுக்குப் பின்னால் இருந்தவன் அந்தச் சிறுவனே.

நான்காம் வகுப்புப் பிள்ளையை முன்வரிசையில், நம் முகம் தெரியும் இடத்தில் அமர்த்தினோம். சில வாரங்களில் அடிதடி ஓய்ந்தது. ஆனால் வாசற்படியில் கழிந்த மாதங்களின் பாடம் திரும்பவில்லை. அரையாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தவறினான், பின்னர் வரவில்லை. ஆடு மேய்க்க அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். நெடுநாள் வாராதவர் பெயரை நீக்கும் வழக்கப்படி, வருகைப் பதிவேட்டில் அவன் பெயர்மீது சிவப்பு மையால் கோடு இழுத்ததும் நம் கைதான்.