எண்ணாமல் விட்டவர்கள்

புயலைப் பற்றிப் புத்தகத்தில் படிப்பது ஒரு விதத்தில் சுகமான காரியம். சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி, காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டு, ஊர் ஊராக அழிவதைப் பார்க்கலாம். பத்துப் பக்கம் புரட்டினால் காற்று ஓய்ந்துவிடும். "ஐயோ பாவம், எத்தனை ஆயிரம் ஜனங்கள்!" என்று ஒரு பெருமூச்சு விட்டால் நம் கடமை தீர்ந்தது. இயற்கையின் சீற்றத்துக்கு முன் மனிதன் எம்மாத்திரம் என்ற வேதாந்தமும் எப்போதும் கைவசம் இருக்கிறது. ஆனால் 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைத் தாக்கிய புயலைப் பற்றி அண்மையில் படித்தபோது அந்த வேதாந்தம் எனக்குக் கைகொடுக்கவில்லை.

அந்தப் புயல் செப்டம்பர் 12-ஆம் தேதி குவாதலூப் தீவைச் சூறையாடியது. மறுநாள் போர்ட்டோ ரிகோ. அன்று சான் பெலிப்பே என்ற புனிதரின் திருநாள். ஆகவே அந்தத் தீவு மக்கள் புயலுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 16-ஆம் தேதி மாலை அது புளோரிடாவின் பாம் பீச் கரையில் ஏறியது. பாம் பீச் செல்வர்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடம். அங்கே மாளிகைகளுக்குச் சேதம் உண்டுதான். ஆனால் சாவு மொத்தமாகக் காத்திருந்தது கரையில் அல்ல, சுமார் நாற்பது மைல் உள்ளே, ஒக்கிச்சோபி என்ற ஏரியின் ஓரத்தில்.

மிகப் பெரிய ஏரி அது, ஆனால் ஆழமில்லாதது. பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தாற்போல் இருக்கும். தாம்பாளத்தை ஒரு பக்கம் சாய்த்தால் என்ன ஆகும்? வடக்கிலிருந்து அடித்த காற்று அதைத்தான் செய்தது. ஏரி முழுவதும் தெற்கே திரண்டு வந்தது. அங்கே அதைத் தடுத்து நின்றது ஆளுயரம் போன்ற ஒரு மண்கரை. கரை உடைந்தது. பெல் கிளேடு, பஹோக்கி, சவுத் பே முதலிய ஊர்கள் இருட்டில் நீருக்குள் போயின. புயலின் மையம் கடந்ததும் காற்று திசை மாறி, வடகரையையும் விடவில்லை.

இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1926-இல், இதே ஏரி மூர் ஹேவன் என்ற ஊரின் பக்கம் கரையை உடைத்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பிறகும் அந்த மண்கரை மண்கரையாகவே இருந்தது! 1928-இல் எச்சரிக்கை வராமலும் இல்லை. பகலில் பலர் மேட்டுக்குப் போனார்கள். சொன்ன நேரத்துக்குப் புயல் வரவில்லை என்றதும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அதில் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுப்பும் கோழியும் கட்டிலும் அழைக்கும்போது யார்தான் திரும்பமாட்டார்கள்?

இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பு இனக் கூலிகள். கரும்புத் தோட்டத்துக்கும் பீன்ஸ் வயலுக்கும் பருவ வேலைக்கு வந்தவர்கள். பஹாமாத் தீவுகளிலிருந்து கடல் கடந்து வந்தவர்களும் ஏராளம். கூலி கொடுக்கிறவனுக்கு அவர்களுடைய கூப்பிடு பெயர் தெரிந்தால் போதும். ஊர் எது, தாய் தகப்பன் யார் என்று அவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. குடும்பம் முழுவதும் ஒன்றாகப் போய்விட்ட இடத்தில், "எங்கள் ஆளைக் காணோம்" என்று வந்து சொல்லவும் ஒருவர் மிஞ்சவில்லை. அவர்களைக் கணக்கில் சேர்க்காத வேலை புயலுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. நூற்றுக்கணக்கான பிரேதங்கள், செப்டம்பர் மாத வெயில். சேற்றிலிருந்து அவற்றை எடுத்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்களே. துப்பாக்கி முனையில் அந்த வேலைக்கு இழுத்து வரப்பட்டவர்களும் உண்டு. சவப்பெட்டி போதவில்லை, இருந்தவை வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டன. வெஸ்ட் பாம் பீச் நகரில் வெள்ளையர் 69 பேர் உட்லான் கல்லறையில் அடக்கமானார்கள். அவர்களுக்கு நினைவுக்கல்லும் நட்டார்கள். கறுப்பர் 674 பேரை ஏழைகளின் இடுகாட்டில் ஒரே குழியில் போட்டார்கள். கல் இல்லை. போர்ட் மயாக்காவில் இன்னொரு குழி. அதில் சுமார் 1,600 பேர். பலரைக் கண்ட இடத்திலேயே எரித்தார்கள்.

அவசரம் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். நியாயந்தான், நோய் பரவிவிடும், உயிரோடு இருப்பவர்களைக் காக்க வேண்டும். ஒரே குழியை அந்த அவசரத்தின் பெயரால் நான் மன்னித்துவிடுவேன். ஆனால் அவ்வளவு அவசரத்திலும் இனம் பார்த்துப் பிரிப்பதற்கு நேரம் எங்கிருந்து வந்தது? நாட்கணக்கில் நீரில் ஊறிய உடலுக்கு நிறம் ஏது? குனிந்து, புரட்டி, பார்த்து, தீர்மானித்து அல்லவா பிரித்திருக்க வேண்டும்! அந்த நேரத்தில் ஒவ்வோர் உடலைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம். இத்தனை வயது இருக்கும், இன்ன சட்டை, கையில் இன்ன தழும்பு என்று.

இந்தக் காட்சியை நாவலில் எழுதிவைத்தவர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பினப் பெண்மணி. 1937-இல் வெளிவந்த அவருடைய நாவலில், பிரேதங்களைப் பிரிக்கத் தடுமாறுகிறவர்களிடம், தலைமயிரைப் பார்த்து முடிவு செய்யும்படி காவலர்கள் சொல்கிறார்கள். கோபமில்லாமல், கொஞ்சம் நகைச்சுவையோடுகூட எழுதியிருக்கிறார். கைதேர்ந்த எழுத்தாளர்களுக்கே அது வரும். அதே புளோரிடாக் கரையில், போர்ட் பியர்ஸ் என்ற ஊரில், 1960-இல் அவர் வறுமையில் இறந்தார். அவர் கல்லறைக்கும் கல் இல்லை. 1973-இல் ஆலிஸ் வாக்கர் என்ற எழுத்தாளர் களை மண்டிய இடுகாட்டில் தேடி, இந்த இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்து ஒரு கல் நட்டார்.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னேன். "செத்தவனுக்கு எந்தக் குழியாயிருந்தால் என்ன ஐயா? அவனுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லையே" என்றார் அவர். தெரியாதுதான். ஆனால் அவர் வீட்டுத் திவசத்தில் மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லிப் பிண்டம் வைக்கிறார். பெயரும் கோத்திரமும் தெரியாமல் போனவர்களுக்கென்றும் அங்கே எள்ளும் தண்ணீரும் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டு எந்தப் பிதுருவும் எதிரே உட்கார்ந்திருக்கவில்லை. இறந்தவனுக்குச் செய்கிறோமோ இல்லையோ, நம்மோடு வாழ்ந்தவன் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அந்த ஒப்புதலைத்தான் 674 பேருக்கும் மறுத்தார்கள். அமெரிக்கர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் முன், நம் கிராமங்களில் சாதிக்கொரு சுடுகாடு இன்றும் இருப்பதையும், சில ஊர்களில் பிணம் போகும் பாதைக்கே தகராறு நடப்பதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

புயலுக்குப் பிறகு சர்க்கார் விழித்துக்கொண்டது. ஏரியைச் சுற்றிப் படிப்படியாக 140 மைலுக்குமேல் பெருங்கரை எழுந்தது; ஜனாதிபதி ஹூவரின் பெயர் அதற்கு. தெற்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துக்கு இயல்பாகப் போன நீர் அதனால் தடைப்பட்டது. அதைச் சரிசெய்ய இன்றும் பாடுபடுகிறார்கள். கரையையும் பல ஆண்டுகள் செப்பனிட்டு 2023-இல்தான் முடித்தார்கள். தண்ணீர் எவ்வளவு, கரை எத்தனை அடி என்பதற்கெல்லாம் துல்லியமான கணக்கு இருக்கிறது.

மனிதர்களின் கணக்கு மட்டும் வேறு மாதிரி. இறந்தவர் 1,836 பேர் என்று பல பத்தாண்டுகள் எழுதி வந்தார்கள். கடைசி ஆள்வரை எண்ணியதுபோன்ற தோரணை அந்த எண்ணில் இருக்கிறது. 2003-இல் அமெரிக்க வானிலைத் துறை அதை மாற்றி, 'குறைந்தது 2,500' என்றது. அதாவது 664 பேராவது எழுபத்தைந்து ஆண்டுகள் காகிதத்தில் சாகவே இல்லை. புதிய எண் முழு எண்ணாக இருந்தாலும், அந்தக் 'குறைந்தது' என்ற சொல்லுக்காக அதைத்தான் நான் நம்புகிறேன்.

வெஸ்ட் பாம் பீச்சில் அந்தக் குழி இருந்த நிலம் இதற்கிடையில் விற்கப்பட்டுக் கைமாறியது. 2000-இல் நகரசபை அதைத் திரும்ப வாங்கியது. டாமரிண்ட் அவென்யூவும் 25-ஆம் தெருவும் சந்திக்கும் மூலை அது. புயல் அடித்த எழுபத்தைந்தாம் ஆண்டில் அங்கே ஒரு அறிவிப்புப் பலகை வைத்தார்கள்.